கொக்கு சொன்னபடி

மார்ச் 18

அன்புள்ள கொக்கே,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. உங்கள் நகரத்து ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நிற்பதை டிவியில் காட்டினார்கள். உள்ளே எங்கேயோ நீ நிற்கிறாய் என்ற நினைப்பில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இங்கே எல்லாம் பழையபடிதான். அதே சின்ன ஆஸ்பத்திரி, அதே வார்டு, ஒரு சக்கரம் மட்டும் தனி வழி போகும் அதே மருந்து வண்டி. நான் மட்டும் இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டேன். நர்சிங் ஹாஸ்டலில் எனக்கு வாத்து என்று பேர் வைத்தாயே, அப்போது நடையில் மட்டும்தான் வாத்து. இப்போது முழுப் பொருத்தம். நீ இன்னும் அதே ஒட்டடைக் கொம்பாகத்தான் இருப்பாய், பாவி.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த நோய் இங்கே இன்னும் வரவில்லை. வரத்தான் போகிறது. எங்கள் டாக்டர் சின்ன வயசுக்காரர், தங்கமான மனிதர். மேலிடத்திலிருந்து வரும் சுற்றறிக்கைகளைப் படித்துப் படித்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "சிஸ்டர், இதை நேர்ல பார்த்தவங்க யாராவது உங்களுக்குத் தெரியுமா? அவங்க ரெண்டு வரி எழுதினாலே போதும்" என்றார். எனக்குத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

போனில் கேட்கலாம். ஆனால் குவார்ட்டர்ஸில் என் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. வார்டு போனை நோயாளிகளின் சொந்தக்காரர்கள் விடுவதே இல்லை. தவிர, போனில் உன் குரலைக் கேட்டால் நான் அழுவேன், நீயும் அழுவாய், வேலை கெட்டது. எழுதினால் சுவரில் ஒட்டி வைப்பேன், எல்லோரும் படிப்பார்கள். உங்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சிலிண்டர் நிரப்பிக்கொண்டு வரும் ஆக்சிஜன் லாரி டிரைவர் கடிதம் கொண்டுவரச் சம்மதித்துவிட்டார்.

அண்ணன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். இன்னும் பஸ்தான் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் கேட்டுக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி ஹாரன் அடிப்பாரே, நீ என்னை முந்திக்கொண்டு ஓடுவாயே, பிஸ்கட் பாக்கெட்டை வாங்குவதற்கு. நேற்றுகூடச் சொல்லிச் சிரித்தார்.

உன்
வாத்து


மார்ச் 25

என் வாத்துக் கண்ணே,

உன் கடிதத்தை உடை மாற்றும் அறையில் நின்றுகொண்டே படித்தேன். இங்கே நாள் கிழமை மறந்துவிட்டது. ஹாரன் சத்தம் மட்டும் காதில் கேட்டது. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை என்று அவருக்குத் தெரிந்த நாளிலிருந்து பிஸ்கட் பாக்கெட் இரண்டாக வந்ததே, அதை எப்படி மறப்பேன்?

இனி வேலை. கவனமாகக் கேள்.

உடம்பு முழுக்க மூடும் அந்தப் பாதுகாப்பு உடுப்பை மாட்டிக்கொண்டால் யார் யாரென்று தெரியாது. முதுகில் பட்டையாகப் பேர் எழுதிக்கொள்ளுங்கள். நான் விளையாட்டாகக் 'கொக்கு' என்று எழுதினேன். இப்போது பெரிய டாக்டர்கூட மரியாதையாகக் "கொக்கு சிஸ்டர்" என்கிறார். போடும்போது ஆபத்தில்லை, கழற்றும்போதுதான் மாட்டிக்கொள்வோம். எதிரில் ஒருத்தர் நின்று "இப்ப கையுறை, இப்ப கையைக் கழுவு" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். களைப்பில் நம் கை நம் பேச்சைக் கேட்காது.

செயற்கைச் சுவாச மெஷினில் இருப்பவர்களைக் குப்புறப் படுக்க வைத்தால் மூச்சு நன்றாக இறங்குகிறது. ஆளைப் புரட்டும்போது தலைமாட்டில் நிற்பவர் மட்டும்தான் குரல் கொடுக்க வேண்டும். ஆளாளுக்குக் குரல் கொடுத்தால் தொண்டைக் குழாய் உருவிக்கொள்ளும். பயிற்சி வகுப்பில் என்னை நோயாளியாகப் படுக்கப்போட்டுப் புரட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நாலு பேரும் நாலு திசையில் இழுக்க, என் கால் போய் மேஜை விளக்கை உடைத்தது. வார்டன் சைரன் அம்மா என்னைத்தான் திட்டினாள். நோயாளி எங்கேயாவது விளக்கை உடைப்பாளா என்று.

முக்கியமானது இது. இந்த நோய் ஏமாற்றும். ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரோ அதலபாதாளத்தில் இருக்கும். பேச்சை நம்பாதீர்கள். மீட்டர் இறங்கினால் காத்திருக்காமல் தொண்டையில் ட்யூப் போட்டு மெஷினில் சேர்த்துவிடச் சொல். காத்திருந்து கடைசி நிமிஷத்தில் போட்ட பல பேரை இழந்துவிட்டோம். இதைச் சிவப்பு மையில் எழுதி ஒட்டு.

காகிதத்திலும் இது ஒட்டிக்கொண்டு வரும் என்கிறார்கள். இங்கிருந்து வரும் எதையும், என் கடிதம் உட்பட, மூன்று நாள் வெயிலில் போட்டுவிட்டுப் பிறகு பிரி. இந்த ஒன்றுக்கு மட்டும் விலக்கு, டிரைவர் வாயால் சொல்லித் தந்துவிடுவார்.

அண்ணனிடம் வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல். உன் பேச்சைக் கேட்கமாட்டார், நான் சொன்னேன் என்று சொல்.

கொக்கு


ஏப்ரல் 6

கொக்கே,

வந்துவிட்டது. போன வாரம் ஒருவர், இப்போது பாதி வார்டு.

ஆனால் நாங்கள் தயாராக இருந்தோம் என்றால் அது உன் புண்ணியம். உன் கடிதம் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. எதற்கெடுத்தாலும் "கொக்கு சொன்னபடி செஞ்சாச்சா?" என்பதுதான் இங்கே பேச்சு. உடுப்பைக் கழற்றும்போது கொக்கு சொன்னபடி. ஆளைப் புரட்டும்போது கொக்கு சொன்னபடி. துப்புரவு அக்கா நேற்று, "யாரு சிஸ்டர் அந்தக் கொக்கு? பெரிய சயின்டிஸ்டா?" என்று கேட்டாள். ஆமாம், மேஜை விளக்கு உடைப்பதில் ஆராய்ச்சி செய்தவள் என்றேன்.

சிவப்பு மை வரியையும் அப்படியே பின்பற்றுகிறோம். டாக்டர் அதை மனப்பாடமாகச் சொல்கிறார்.

என் பங்குக்கு ஒன்று சொல்லட்டுமா? குப்புறப் படுப்பவர்களுக்கு முகம் வீங்கி, கன்னமெல்லாம் புண்ணாகிறது. போர்வையைச் சுருட்டித் தோளுக்குக் கீழே ஒன்று, இடுப்புக்குக் கீழே ஒன்று வைத்தேன். வயிறு தொங்கலாக நின்றது, முகத்தில் பாரம் இறங்கவில்லை. உங்களிடம் விலை உயர்ந்த மெத்தை இருக்கலாம். இல்லாவிட்டால் இதைச் செய்துபார்.

அதற்குப் பிறகு வந்த உன் கடிதங்களை ஜன்னல் மேடையில் வெயிலில் போட்டு வைக்கிறேன். போக வர அதைப் பார்த்துப் பார்த்துக் கை பரபரக்கிறது. ஹாஸ்டலில் உனக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்த கையாயிற்றே.

அண்ணனிடம் நீ சொன்னதாகச் சொன்னேன். "ரெண்டாவது தங்கச்சி சொன்னா கேக்கணும்தான். ஆனா உங்க ஆஸ்பத்திரி ஆளுங்களை வேற யாரு வந்து ஏத்திட்டுப் போவா? எல்லாரும் பயந்துக்கிறானுங்க" என்கிறார். காலையும் மாலையும் எங்கள் ஷிஃப்டுக்கு அவர் பஸ்தான் வருகிறது. என்ன செய்ய, பிறவிக் குணம்.

வாத்து


ஏப்ரல் 14

வாத்து,

சுவரில் ஒட்டிய சிவப்பு மை வரியை இப்போதே அடித்துவிடு. அது தப்பு.

எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். போன வாரம் ஒரு தச்சர் வந்தார். மீட்டர் கன்னாபின்னாவென்று இறங்கிக் கிடந்தது. மெஷின் காலி இல்லை. வேறு வழி இல்லாமல் மூக்கில் ஆக்சிஜனை வேகமாக வைத்துக் குப்புறப் படுக்கச் சொன்னோம், முழு நினைவோடு. அவர் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு மனைவியோடு போனில் சண்டை போட்டார். மெஷின் காலியானபோது அவருக்குத் தேவைப்படவில்லை. நேற்று நடந்தே வீட்டுக்குப் போனார். அவருக்குச் செய்த நாளிலிருந்து இன்னும் பல பேருக்குச் செய்துபார்த்துவிட்டோம். பேசுகிறவரைப் பேச விடுங்கள். குப்புறப் படுக்கவைத்து, பக்கத்திலேயே இருந்து பாருங்கள். மூச்சு வாங்கி வாங்கி ஆள் அசந்து போனால், குழப்பமாகப் பேசினால், அப்போது மட்டும் ட்யூப். மீட்டரைப் பார்த்துப் பயந்து போட்டவர்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை, வாத்து. நாங்கள் போட்டவர்கள்தான்.

இன்று உன் வார்டுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன். எப்போதும் பேச்சில் இருக்கிறது. அதனால் டிரைவரைக் கெஞ்சி இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் போர்வைச் சுருள் இங்கே எல்லாக் கட்டிலுக்கும் போய்விட்டது. யார் கண்டுபிடித்தது என்றார்கள். வாத்து என்றேன். அதற்கு 'வாத்துச் சுருள்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். சைரன் அம்மா மட்டும் இதைக் கேட்டால் போதும்!

இந்த அமளியெல்லாம் முடியட்டும். நீயும் நானும் அண்ணன் பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்து, அவர் ஓட்டும் தடத்தில் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்ப வேண்டும். இறங்கக் கூடாது.

கொக்கு


ஏப்ரல் 29

வாத்துக் கண்ணு,

ஏன் பதில் இல்லை? போன தடவையும் டிரைவர் வெறும் கையோடு வந்தார். கேட்டால், "சிஸ்டரைப் பார்க்க முடியலம்மா, ஆபீஸ்ல சிலிண்டரை இறக்கிட்டு வந்துட்டேன்" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்கிறார்.

உனக்கு உடம்பு சரியில்லையா? அப்படியென்றால் யாரையாவது விட்டு ஒரு வரி எழுதச் சொல். வேலை அதிகம் என்றால் ஒரு வெற்றுக் காகிதமாவது அனுப்பு. ஹாஸ்டலில் கோபம் வந்தால் நாள் கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாய். நான் உன் முதுகோடு பேசிக்கொண்டே இருப்பேன். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

அண்ணனையாவது எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்.

கொக்கு


மே 6

அண்ணன் போய்விட்டார்.

இதை எழுத இத்தனை நாள் ஆனது. எழுதாமலே இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி சாயங்காலம் அவரே வார்டுக்கு நடந்து வந்தார். காய்ச்சல், இருமல். பஸ்ஸை ஆஸ்பத்திரி வாசலில் ஓரமாக நிறுத்திச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் மீட்டர் இறங்கிவிட்டது. அவரோ கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் தயங்கினார். "நல்லாத்தானே பேசறார், சிஸ்டர். கொஞ்சம் பார்ப்போமா?" என்றார். நான்தான் சுவரைக் காட்டினேன். பேச்சை நம்பாதீர்கள், காத்திருக்காதீர்கள். அண்ணன் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். "ரெண்டாவது தங்கச்சி எழுதினதா? அப்ப சரியாத்தான் இருக்கும். போடுங்க" என்றார். அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. மெஷினில் ஒன்பது நாள் இருந்தார்.

நீ பதினாலாம் தேதி எழுதிய கடிதம் அப்போது எங்கே இருந்தது தெரியுமா? ஜன்னல் மேடையில். பதினைந்தாம் தேதி காலையிலேயே லாரியில் வந்துவிட்டது. நான் என் கையாலேயே வெயிலில் வைத்து, பறக்காமல் இருக்க மேலே ஒரு மருந்துப் புட்டியும் வைத்தேன். மூன்று நாள் கழித்துப் பிரிக்க வேண்டும் என்று. நீ சொன்னபடி. ட்யூப் போடும்போது அது என் முதுகுக்குப் பின்னால் கிடந்தது. பதினெட்டாம் தேதி பிரித்துப் படித்தேன்.

மேலே 'உடனே பிரி' என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? டிரைவரிடம் வாயால் சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா? எனக்கு மூன்று நாள் என்று சொல்லித் தந்தவளே நீதானே! எப்படி மறந்தாய்? எனக்கு வேறு எந்தக் கேள்வியும் இல்லை. இது ஒன்றுதான் நாள் பூராவும் மண்டைக்குள் ஓடுகிறது.

நீ வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? டாக்டரைக் கட்டாயப்படுத்தியது நான்தான், அதுவும் தெரியும். உன்னைத் திட்டி முடித்ததும் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்வதற்கு ஒரே காரணம், நீ இன்னும் பல ஊர்களுக்கு எழுதுவாய். அங்கேயும் ஜன்னல் மேடைகள் இருக்கும். எல்லோருக்கும் சொல்.

எனக்குக் கொஞ்ச நாள் எழுதாதே.


மே 11

வாத்து,

எழுதாதே என்றாய். நீ கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் எழுதுகிறேன்.

எப்படி மறந்தேன் என்றால், இங்கே அந்தப் பழக்கம் தானாகவே நின்றுபோயிருந்தது. காகிதத்தால் யாருக்கும் வரவில்லை என்று தெரிந்ததும் ஏப்ரல் தொடக்கத்திலேயே வந்த தபாலை வந்த கையோடு பிரிக்க ஆரம்பித்துவிட்டோம். யாரும் உத்தரவு போடவில்லை. ஒரு நாள் செய்யவில்லை, மறுநாளும் செய்யவில்லை. அப்புறம் அப்படி ஒன்று இருந்ததே நினைவில் இல்லை. புதிதாகக் கற்றதை உனக்கு ஓடி ஓடி எழுதினேன். கைவிட்டதை எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. அந்தக் கடிதத்தை மடிக்கும்போது, நீ வாசலிலேயே பிரித்துப் படிப்பது போலத்தான் என் மனசில் ஓடியது.

நான் எழுதிய எல்லா ஆஸ்பத்திரிக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். இரண்டு இடத்தில் கடிதங்கள் பிரிக்காமல் கிடந்தன.

அவர் பிழைத்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. பிழைத்திருக்க மாட்டார் என்றும் சொல்ல முடியாது. 'சரியாத்தான் இருக்கும்' என்றாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஹாஸ்டலைக் காலி செய்த அன்று என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினார். உன் பெட்டியை நீயே தூக்கிக்கொண்டு வந்தாய். அதற்கு அன்று முழுக்க அவரோடு நீ பேசவில்லை. எனக்கு இருந்த ஒரே அண்ணன் அவர்தான்.

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதவே கூசுகிறது. வார்டு வேலையிலிருந்து மாற்றச் சொல்லிவிட்டேன். ஸ்டோரில் உட்கார்ந்து கையுறைப் பெட்டிகளைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். யாராவது சந்தேகம் கேட்டால், தெரியாது என்கிறேன். இனி யாருக்கும் எதையும் எழுதிச் சொல்ல மாட்டேன்.

கொக்கு


மே 19

கொக்கே,

உன் வார்டுக்குப் போன் போட்டேன். உன்னைக் கேட்டால், "அவங்க யார்கிட்டயும் பேசறதில்லைங்க, ஸ்டோரை விட்டு வர மாட்டேங்கறாங்க" என்கிறாள் ஒரு பெண். நீ ஸ்டோரில் உட்கார்ந்து கையுறை எண்ணினால் என் அண்ணன் எழுந்து வந்துவிடுவாரா?

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீருமா என்றும் தெரியாது. காலையில் பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிவிடுகிறேன், அடுத்த நொடி உன் ஞாபகம் வருகிறது, அதற்கடுத்து என் ஞாபகம். இதை மறைத்து இனிமையாக எழுத எனக்கு வராது. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

இன்று காலையில் ஒரு பெண் வந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்து டீச்சர். ஏழு மாதக் கர்ப்பம். மீட்டர் மிகவும் இறங்கியிருக்கிறது. மூச்சு வாங்குகிறது, ஆனால் தெளிவாகப் பேசுகிறாள், குழந்தைக்கு வைக்கப்போகும் பேரைப் பற்றி டாக்டரோடு வாதம் செய்கிறாள். குப்புறப் படுக்க வைக்க வழியில்லை. இடது பக்கம் சாய்த்து, முதுகுக்கு இரண்டு சுருள் கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் தேவலை. முழுக்கச் சாய்க்கலாமா, வயிற்றுக்குக் கீழே பள்ளம் விட்டால் போதுமா, எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும், எதைப் பார்த்தால் இனி தாமதிக்கக் கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்? இங்கே இப்படி ஒருத்தரை நாங்கள் பார்த்ததில்லை. நீ பார்த்திருப்பாய். அந்த நகரத்தில் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

தெரியாது என்று சொல்லாதே. தெரிந்ததை எழுது. நாளைக்கு அது தப்பு என்று தெரிந்தால் நாளைக்கே மாற்றி எழுது, நான் திட்டிக்கொண்டே படிக்கிறேன். நீ வாயை மூடிக்கொள்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

டிரைவரிடம் ஸ்டோர் வாசலிலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். பதில் வாங்காமல் அவர் வண்டியை எடுக்க மாட்டார். ராத்திரிக்குள் திரும்பிவிடலாம் என்கிறார்.

டாக்டர் சுவர்ப் பக்கம் போகவில்லை. கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். நாங்கள் காத்திருக்கிறோம். சீக்கிரம் எழுது.

வாத்து